ஐந்து வருகிறது, பத்தரை போகிறது

கேள்வி: மளிகைச் செலவைக் குறைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்கிறோம். பட்டியல் இல்லாமல் கடைக்குப் போவதில்லை. ஆஃபர் வந்தால் மொத்தமாக வாங்கி வைக்கிறோம். 5 சதவீதம் கேஷ்பேக் தரும் கிரெடிட் கார்டில்தான் பில் போடுகிறோம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. முன்பு சில மாதங்கள் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டியதில், மூன்று மாத மளிகைச் செலவு அளவுக்குக் கார்டில் பாக்கி. மாதம் 3 சதவீதம் வட்டி. 8 சதவீதம் கேஷ்பேக் தரும் புது கார்டுக்கு மாறலாமா? நான்கு மாத மளிகைச் செலவு அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது, அதைத் தொட மனமில்லை.

பதில்: நீங்கள் கடையில் எதையும் தப்பாகச் செய்யவில்லை. பட்டியல், விலை ஒப்பீடு பற்றியெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஓட்டை கார்டில் இருக்கிறது.

மாத மளிகையை 100 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 300, அதற்கு மாத வட்டி 9. இதோடு முடிவதில்லை. பெரும்பாலான கார்டுகளில், பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாதம் முழுக்கப் பரவலாக வாங்கும் 100-க்குச் சராசரியாக அரை மாத வட்டி, அதாவது ஒன்றரை. ஆக 10.5 போகிறது, கேஷ்பேக்காக 5 வருகிறது. அந்த ஐந்தைத்தான் நீங்கள் லாபம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்!

புது கார்டு வேண்டாம். அதில் பைசா பாக்கி வைக்காமல் கட்டினாலும் 8 வரும், பழைய பாக்கிக்கு 9 போகும். அந்த எட்டுக்கும் பெரும்பாலும் மாத உச்சவரம்பு ஒன்றைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த கேஷ்பேக் விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான்.

சேமிப்பைத் தொடுங்கள். அது வருடத்துக்கு எவ்வளவு வட்டி தருகிறது என்று பாருங்கள். மாதம் 3 சதவீதம் என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். 400-இல் 300 எடுத்துப் பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். மீதி 100 அவசரத்துக்கு இருக்கட்டும். கையிருப்பு குறைவது பயமாகத்தான் இருக்கும், தெரியும். ஆனால் மாதம் 15 வீதம் கட்டி அடைக்கலாம் என்று நினைத்தால் 31 மாதம் ஆகும், வட்டி மட்டுமே 160-ஐத் தாண்டும்.

அப்புறம் ஆறு மாதத்துக்கு மளிகைக்குக் கார்டை நீட்டாதீர்கள். வாரத்துக்கு 25 என்று பணமாக எடுத்து வையுங்கள். முதல் மாதம் அவ்வளவுகூடத் தேவைப்படாது. ஆஃபரில் வாங்கி அலமாரியில் அடுக்கியதே கொஞ்ச நாளுக்கு ஓடும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், மூன்றையும் பயன்படுத்தினால்தான் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒன்று கெட்டுப்போனால் முழு விலைதான். மிச்சமாவதைச் சேமிப்பிலேயே திரும்பப் போடுங்கள்.

பாக்கியை அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் சின்னதாக ஒரு வட்டி வரலாம். முந்தைய ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது அது. பதறாமல் அதையும் முழுசாகக் கட்டிவிடுங்கள்.