கிடக்கும் வண்டியைச் சுற்றி எவ்வளவு இடம் விடலாம்?

கிராமத்து வெளிகளில் கைவிடப்பட்ட பொருட்களைப் படமெடுக்கும் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, வயலோரம் சக்கரம் கழன்று கிடந்த மாட்டுவண்டியை எடுத்தேன். வண்டி மட்டும் தெரிய ஓரங்களை வெட்டி கிராப் செய்தேன். ஏதோ குறைகிறது.

பதில்: முழுப் படத்தையும் அனுப்பியது நல்லதாயிற்று தம்பி. நீங்கள் வெட்டி எறிந்த வலது பக்கத்தில் ஈரமான டிராக்டர் தடம் இருக்கிறது. வண்டி ஏன் அங்கே கிடக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தடம் போனால் பட்டறையில் பழுதுக்கு நிற்கும் வண்டி என்றுகூட நினைக்கலாம். எங்கே வெட்டுவது என்று பார்க்கும் முன் எதை வெட்டக் கூடாது என்று தேடுங்கள். படச் சட்டத்தில் வண்டி கால்வாசி இருந்தாலே போதும். நுகத்தடி நீளும் பக்கம் இடம் விடுவது வழக்கம். நான் சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் செய்வேன். இனி எங்கும் போகாத வண்டிக்கு முன்னால் எதற்கு இடம்?

கேள்வி: மாடு பூட்டி நீர் இறைத்த கவலைக் கிணற்றின் கல்தூண்களுடைய கழுத்தை அறுப்பதுபோலத் தொடுவானம் ஓடுகிறது. கிராப்பில் சரியாகுமா சார்?

பதில்: ஆகாது. அது நின்ற இடத்தின் கோளாறு. முட்டிபோட்டு எடுத்திருந்தால் கோடு தாழ்ந்து, தூண்கள் வானத்தில் தனியாக எழும்பியிருக்கும். மறுபடி போய் எடுங்கள். பல பழைய கிணறுகளுக்குக் கைப்பிடிச்சுவர் இருக்காது. கேமராவில் கண் வைத்தபடி பின்னால் நகர வேண்டாம்.

கேள்வி: 24 மெகாபிக்சல் கேமரா. எவ்வளவு வெட்டலாம்?

பதில்: உங்களிடம் 6000க்கு 4000 புள்ளிகள். சதுரமாக்கினால் 4000க்கு 4000, தாராளம். நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 10 அங்குல அகலம் வரும்.

கேள்வி: தனுஷ்கோடி தேவாலயத்தை எடுத்தால் சங்கு, பாசிமணி விற்கும் கடைகளும் விழுகின்றன. இறுக்கி வெட்டிவிடவா?

பதில்: எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கூரை போன சுவர் மட்டும் நின்றால் அது எந்த ஊர் இடிபாடாகவும் இருக்கலாம். 1964 டிசம்பர் புயல் கொண்டுபோன ஊர் அது. மணலும் வெறும் வெளியும் தெரிய வேண்டும். 16க்கு 9 என்ற அகல வடிவில் வானத்தைக் குறைத்து, சுவரை ஓரத்தில் சின்னதாக வைத்துப் பாருங்கள். கடை ஒன்று உள்ளே வந்தால் வரட்டும். அங்கே இன்றைக்கும் பிழைப்பு நடக்கிறதே.

கேள்வி: பொருளைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது கிடந்த இடத்தில் புல் முளைக்காத வெள்ளைத் தரை காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், அடியில் தேள் இருக்கும்.