அலமாரி மேல் ஒளித்து வைத்த புத்தகம்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளைத் தத்தெடுத்தோம். ஐந்து வயதிலேயே அவளிடம் சொல்லிவிட்டோம், அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் ஒரு வருடமாக அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இப்போது பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னர் கதையை வைத்து சூசன் கூப்பர் எழுதிய ஐந்து புத்தக வரிசையைப் படிக்கிறாள். மூன்று முடித்துவிட்டாள். நான்காவதான 'தி கிரே கிங்'கைச் சும்மா புரட்டினேன். அதில் பிரான் என்று ஒரு வளர்ப்புப் பையன், அவனுடைய உண்மையான அப்பா ஆர்தராம். வளர்த்தவர் அதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார். போதாததற்கு அந்தப் பையனின் நாயை வேறு சுட்டுவிடுகிறார்கள். எனக்குப் பகீரென்றது. புத்தகத்தை அலமாரி மேல் ஒளித்து வைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக வீடு முழுக்கத் தேடுகிறாள். நான் செய்தது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

புத்தகத்தை இன்றைக்கே இறக்கிக் கொடுத்துவிடுங்கள். சோபாவுக்கு அடியில் கிடந்தது என்று சமாளிக்காதீர்கள். நான்தான் எடுத்து வைத்தேன், நாய் சாகிற இடத்தைப் பார்த்தேன், அந்தப் பையனுடைய கதையையும் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிரானை வளர்க்கும் ஓவன் டேவீஸ் கெட்டவரே இல்லை. வேல்ஸில் ஒரு பண்ணையில் ஆடு மேய்க்கிற, பக்தியான, அதிகம் பேசாத மனிதர். தன் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார். உண்மை வெளியே வரும்போது பையனுக்கு வருகிற கோபத்தில் பெரும்பகுதி அந்த மௌனத்தின் மேல்தான். அவர் செய்யத் தவறியதை நீங்கள் உங்கள் மகளின் ஐந்து வயதிலேயே செய்துவிட்டீர்கள். எவ்வளவு பெரிய விஷயம் அது! ஒரு புத்தகத்தை ஒளித்து அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே.

நீங்கள் புரட்டியதில் கண்ணில் பட்டது பாதிக் கதைதான். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்கு முன்னால் உங்களுக்குத்தான் அது தெரிய வேண்டும். வில் என்ற பையன் கல்லீரல் அழற்சியிலிருந்து தேறுவதற்காக இங்கிலாந்திலிருந்து வேல்ஸின் கடலோரத்துக்கு, உறவினர் வீட்டுக்கு வருகிறான். காடர் இட்ரிஸ் என்ற நிஜமான மலையின் பக்கத்தில் கதை நடக்கிறது. அங்கேதான் பிரானைச் சந்திக்கிறான். வெள்ளை முடி, மஞ்சள் கண், ஊர்ப் பிள்ளைகள் ஒதுக்கி வைத்த பையன். அவன் அம்மா கினிவியர், ஆர்தரின் ராணி. கணவன் தன்னை நம்பமாட்டான் என்ற பயத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலத்தைத் தாண்டி 20ஆம் நூற்றாண்டுக்கு வந்து, ஓவன் டேவீஸின் குடிசையில் விட்டுவிட்டுப் போகிறாள். தான் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு பிரான் என்ன செய்கிறான் தெரியுமா? கடைசிப் பக்கத்தில் ஓவனின் பக்கத்தில் போய் அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வில் பார்க்கிற முதல் பாசம் அதுதான். 1976இல் இந்தப் புத்தகத்துக்கு, அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தருகிற நியூபெரி பதக்கத்தைக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

ஐந்தாவது புத்தகத்தில் இன்னும் பெரிய இடம் வருகிறது. ஆர்தரே வந்து, கப்பலில் என்னோடு வந்துவிடு என்று பிரானைக் கூப்பிடுகிறார். ராஜா, பெற்ற அப்பா, எல்லாம் அவர்தான். பிரான் போகவில்லை. தன்னை வளர்த்தவரும் தன்மேல் அன்பு வைத்தவர்களும் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுகிறான். உங்கள் மகள் இந்த இடம் வரைக்கும் போயே ஆக வேண்டும், நான்காவதோடு நிறுத்தினால்தான் எனக்குக் கவலை.

இங்கே ஒரு சின்ன விஷயம். கடிதத்தில் "உண்மையான அப்பா" என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற அப்பா என்று சொல்லிப் பழகுங்கள். நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறீர்களோ அதைத்தான் அவளும் மனதுக்குள் வைத்துக்கொள்வாள்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை, ஆர்தரே வளர்ப்புப் பிள்ளைதான். தாமஸ் மாலரி எழுதி 1485இல் கேக்ஸ்டன் அச்சிட்ட பழைய ஆங்கிலக் கதையில், பிறந்த குழந்தையை மந்திரவாதி மெர்லின் கொண்டுபோய் எக்டர் என்ற பிரபுவிடம் கொடுத்துவிடுகிறார். எக்டரின் மனைவி தன் சொந்த மகன் கே என்பவனுக்கு வேறு செவிலியை வைத்துவிட்டு, இந்தக் குழந்தைக்குத் தானே பால் கொடுத்து வளர்க்கிறாள். உருவுகிறவனே ராஜா என்று கல்லில் செருகி வைத்த வாளை ஆர்தர் உருவுகிற காட்சி பிரபலம், ஆனால் ஆர்தர் அதை உருவப் போனது ராஜா ஆவதற்காக இல்லை. அண்ணன் தன் வாளைத் தங்கியிருந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான், எடுத்து வா என்று தம்பியை அனுப்பினான், போனால் வீட்டில் ஆள் இல்லை. சரி, அண்ணன் இன்றைக்கு வாள் இல்லாமல் நிற்கக்கூடாது என்று தேவாலய முற்றத்தில் இருந்ததை உருவிக்கொண்டு வருகிறான். விஷயம் புரிந்ததும் அப்பாவும் அண்ணனும் அவன் முன்னால் மண்டியிடுகிறார்கள். அப்போது அவன் சந்தோஷப்படவில்லை. என் அப்பாவும் அண்ணனும் ஏன் எனக்கு மண்டியிடுகிறீர்கள் என்று பதறுகிறான். எக்டர் தன் அப்பா இல்லை என்று கேட்டதும் துக்கம்தான் வருகிறது. அரியணை கிடைக்கிற நாளில் அந்தப் பையன் அழுதது அப்பாவுக்காக. இந்த இடத்தை நீங்களே அவளுக்கு வாய்க் கதையாகச் சொல்லுங்கள், பாத்திரம் கழுவும்போதோ வண்டியில் போகும்போதோ, அவள் முகத்தை நேராகப் பார்க்காத ஒரு நேரத்தில்.

அப்புறம் ஐந்தாவது புத்தகத்தின் முடிவு. அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கடைசியில் வில்லைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் நடந்தது மறக்கடிக்கப்படுகிறது. பிரானும் தான் யாருக்குப் பிறந்தவன் என்பதை மறந்துவிடுகிறான். அவன் வளர்த்தவரோடு இருக்கத் தீர்மானித்தது அவ்வளவு அழகு, அதற்குப் பிறகு அந்த நினைவை ஏன் பிடுங்க வேண்டும்? பிறப்பை மறந்தால்தான் வளர்ந்த வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு குழந்தை எடுத்துக்கொண்டால் அது தப்பு. எனவே அவள் முடித்ததும், இந்த முடிவு உனக்குப் பிடித்ததா, நீ எழுதினால் எப்படி முடிப்பாய் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த விஷயத்தில் அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்பது அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வருடமாகப் பேசவில்லை என்கிறீர்களே, 11 வயதில் அது சகஜம்தான். ஒருவேளை அவள் இந்தப் புத்தகங்கள் வழியாகத்தான் அதை யோசித்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. இழுத்து உட்கார வைத்துக் கேட்காதீர்கள்.

நாயைப் பற்றி. கவால் என்று அதன் பெயர், வெள்ளை நாய். ஆட்டைக் கொல்வது மலையின் மாய நரிகள், ஆனால் அவை பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, பக்கத்துப் பண்ணைக்காரன் நாய்தான் செய்தது என்று சுட்டுவிடுகிறான். அழுவாள், நிச்சயம் அழுவாள். பிரானே அந்த ஆத்திரத்தில் வில்லை விட்டு விலகிப் போகிறான். அந்தப் பகுதியைப் படிக்கும்போது வேறு வேலையை விட்டுவிட்டு பக்கத்தில் உட்காருங்கள், போதும். ஆறுதலுக்கு என்னிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. கவால் என்பது ஆர்தருடைய சொந்த நாயின் பெயர். 9ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட பிரிட்டன் வரலாறு ஒன்றில் அது வருகிறது. காட்டுப்பன்றி வேட்டையில் அந்த நாய் ஒரு கல்லில் கால் வைத்ததாம், தடம் பதிந்துவிட்டதாம். ஆர்தர் கற்களைக் குவித்து அதன் உச்சியில் அந்தத் தடக்கல்லை வைத்தாராம். யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு பகல் ஒரு இரவுதான் அவர்களிடம் இருக்குமாம், அடுத்த நாள் பார்த்தால் மறுபடி அதே குவியலின் மேல் இருக்குமாம். வேல்ஸில் அந்த மலைக்கு இன்றும் நாயின் பெயர்தான். அவள் அழுது முடித்த பிறகு இதைச் சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தாவது புத்தகத்தின் பெயர் 'சில்வர் ஆன் தி ட்ரீ'. இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், நான்காவதை மூடிய அன்று ராத்திரியே கேட்பாள்.