உசிக்குக்கு எத்தனையாவது இடம்?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் தினமும் இதே வாக்குவாதம். குத்துச்சண்டையில் தாத்தாவுக்கு முகம்மது அலிக்கு மேல் ஆளே கிடையாது. எனக்கு, ஒரு தோல்விகூட இல்லாத உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக்தான் பெரியவர். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: தாத்தாதான் ஜெயித்தார், தம்பி. ஆனால் நீங்களும் சும்மா தோற்கவில்லை.

உசிக் என்றால் எல்லோரும், 2025 ஜூலை வரை 24 சண்டைக்கு 24 வெற்றி என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அந்த எண்ணை விட அவர் போய் மோதிய ஊர்கள்தான் பெரிது. 2016இல் போலந்துக்காரரிடம் பட்டத்தைப் பறித்தது போலந்திலேயே. 2018இல் மட்டும் பாருங்கள்: லத்வியாவின் பிரீடிஸை ரீகாவில், ரஷ்யாவின் காசியேவை மொஸ்கோவில், இங்கிலாந்தின் பெலூவை மான்செஸ்டரில். 2021இல் இங்கிலாந்தின் ஜோஷுவாவை லண்டனில். பக்கத்துத் தோட்டத்துக்கு விளையாடப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே நடுவரே உள்ளூர்த் தலைவரின் மச்சானாக இருப்பார்!

அப்புறம் எடை. 2024 டிசம்பரில் ரியாத்தில் இங்கிலாந்தின் டைசன் பியூரி 281 இறாத்தல், உசிக் 226. வித்தியாசம் 25 கிலோ. நல்ல சீசனில் ஒரு ஆள் நாள் முழுக்கப் பறிக்கிற தேயிலைக் கொழுந்து அது. அதே வருடம் மே மாதம் நடந்த முதல் சண்டையை விடியற்காலையில் பேரனின் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது ரவுண்டு, சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது பியூரி கயிற்றோடு கயிறாகத் தள்ளாடுகிறார், நடுவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தைப் பிறகு எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

சரி, பிறகு ஏன் அலி? நான் இருபது வருடம் தோட்டத்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்தை எடை போட்டவன். வறட்சியில் பறித்த பத்துக் கிலோவும் சீசனில் பறித்த பத்துக் கிலோவும் புத்தகத்தில் ஒரே எண்தான். கூடையைக் கொண்டுவந்த முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அலி இராணுவத்தில் சேர மறுத்ததால் 25 வயதில் பட்டத்தைப் பிடுங்கினார்கள், மூன்றரை வருடம் மேடையே இல்லை. திரும்பி வந்து, 32 வயதில், 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனை வீழ்த்தினார். லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மன் என்று அவர் ஜெயித்த ஆட்களின் வரிசை உசிக்கிடம் இல்லை. 2025 ஜூலை வரை, மிகப் பெரிய எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் உசிக்குக்கு எட்டே சண்டை, எதிராளிகள் ஐந்தே பேர். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்தவர்.

அதற்காக உசிக்குக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, போட மாட்டேன். ஹெவிவெயிட்டிலும் அதற்கு அடுத்த கீழ்ப் பிரிவான குரூசர்வெயிட்டிலும் எல்லாப் பட்டங்களையும் சேர்த்தவர்கள் அமெரிக்காவின் ஹோலிபீல்டும் இவரும்தான். ஹோலிபீல்டுக்கு மேலே, அலிக்கும் லூயிஸுக்கும் கீழே, முதல் பத்துக்குள். இது என் கணக்கு.

கேள்வி: தோற்காதவர்தானே பெரியவர்? மார்சியானோ 49 சண்டைக்கு 49 வெற்றி, மேவெதர் 50க்கு 50?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அப்படியென்றால் சுகர் ரே ரொபின்சனை எங்கே வைப்பீர்கள், அம்மா? 19 தோல்வி. ஆனால் 1943இல் லமோட்டாவிடம் தோற்றவர், அடுத்த தோல்விக்கு 1951 வரை காத்திருந்தார். கடைசித் தோல்விகள் பல, 40 வயது தாண்டியும் கையுறையைக் கழற்றாததால் வந்தவை. மார்சியானோ 32 வயதில் வீட்டுக்குப் போய்விட்டார். எடை வித்தியாசம் பாராமல் ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால், அலியைக்கூடத் தாண்டி ரொபின்சன் என்பேன். மஸ்கெலியாத் தாத்தாவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கேள்வி: நம் நாட்டில் அப்படி யாருமே இல்லையா?
– வாசகர், ஹட்டன்

பதில்: ஏன் இல்லை? 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில், குத்துச்சண்டையின் பெதர்வெயிட் எடைப் பிரிவில் தங்கம் வாங்கியவர் நம் பார்னி ஹென்ரிகஸ்.