அடித்துணி – கடிதம்

அன்புள்ள அக்கா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்து வருடமாக ஒட்டுப்போர்வை (துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வை) தைக்கிறேன். தைப்பதைவிட துணி வாங்குவதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போனால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கட் பீஸ் வாங்காமல் திரும்பியதில்லை. இரண்டு பீரோ, பரண், கட்டிலடி எல்லாம் நிறைந்துவிட்டன. போன மாதம் மூட்டை கட்டித் தராசில் போட்டுப் பார்த்தோம், 62 கிலோ. பெரும்பாலும் கேம்ப்ரிக் பருத்தி, அரை மீட்டரும் ஒரு மீட்டருமான துண்டுகள். 2024 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டுத் துணிகள் நனைந்து கரும்புள்ளி விழுந்துவிட்டது. போதாததற்கு, மறைந்த அம்மாவின் நூல் புடவைகள் பதினொன்று டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கலாமா, துணிப்பை நல்லதா? நிறவாரியாக அடுக்குவதா? ஒரு வருடம் துணியே வாங்குவதில்லை என்று சபதம் எடுக்கலாமா? எட்டு மேல்துணி தைத்து முடித்து மடித்து வைத்திருக்கிறேன் (அடியில் எதுவும் சேர்க்காத மேல்பக்கம் மட்டும்), அவற்றையும் எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லுங்கள். இது ஏதாவது வியாதியோ என்று பயமாக இருக்கிறது.

ச.

*

அன்புள்ள ச.,

வியாதி இல்லை. அந்தப் பயத்தை இத்தோடு விடுங்கள். சபதமும் வேண்டாம். ஒரு வருடம் வாயைக் கட்டிவிட்டு அடுத்த மாதம் இரண்டு மடங்கு சாப்பிடுவது போலத்தான் அது முடியும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது வேறு ஒரு வரி. ‘எட்டு மேல்துணி தைத்து முடித்து மடித்து வைத்திருக்கிறேன்.’ போகிற போக்கில் சொல்லிவிட்டு வியாதிக்குத் தாவிவிட்டீர்கள். கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் வீட்டில் துணி ஏன் இப்படிக் குவிகிறது? ஆசை என்பார்கள், மலிவு என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அடிக்காரணம் ஒன்று இருக்கிறது. ஒட்டுப்போர்வை மூன்று அடுக்கு: துண்டுகளை ஒட்டித் தைத்த மேல்துணி, நடுத்துணி, கீழ்ப்பக்கம் முழுக்க விரியும் அடித்துணி. வாங்குகிற ஒவ்வொரு துண்டையும் மேல்துணியை நினைத்தே வாங்குகிறோம். அடித்துணியை நினைத்து ஒருவரும் கடைக்குப் போவதில்லை. பூவும் மாங்காயும் மயிலுமாக வாங்கிவந்து, வெட்டி ஒட்டி, மேல்துணி முடிந்ததும் கை நின்றுவிடுகிறது. விரிக்க அடியில் துணி இல்லை. உடனே அடுத்த மேல்துணிக்கு வாங்கப் போகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றைக் கட்டிலுக்கு ஏறத்தாழ அறுபதுக்குத் தொண்ணூறு அங்குலம் போர்வை. ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டினால் பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய் நாலரை அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 13, நீளத்துக்கு 20, மொத்தம் 260 சதுரம். 44 பன்னாத் துணியில் (44 அங்குல அகலம்) கரையை நீக்கினால் ஒரு வரிசைக்கு 8 சதுரம் வரும். ஆக 33 வரிசை, 165 அங்குலம். நாலே கால் மீட்டருக்குள் மேல்துணி முடிந்துவிடும்.

அடித்துணி அப்படியல்ல. தைக்கத் தைக்க அது உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக விடவேண்டும். 68க்கு 98. ஒரு பன்னா போதாது, இரண்டை ஒட்டவேண்டும். 98 அங்குலம் இரண்டு முறை என்றால் 5 மீட்டர். ஓரப்பட்டிக்குத் தனியாக அரை மீட்டர். ஆக, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குத்தான் துணி அதிகம்.

இப்போது உங்கள் 62 கிலோவுக்கு வாருங்கள். 44 பன்னா கேம்ப்ரிக் மீட்டருக்கு ஏறத்தாழ 110 கிராம் இருக்கும், கிலோவுக்கு ஒன்பது மீட்டர். 550 மீட்டருக்கு மேல் உங்களிடம் இருக்கிறது. அதில், வெட்டில் வீணாவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 130 மேல்துணி தைக்கலாம். அந்த 130க்கும் அடித்துணி வேண்டுமானால் 650 மீட்டர் இன்னும் வேண்டும். இரண்டு பீரோ நிறைய வைத்துக்கொண்டு உங்களுக்குத் துணிப் பஞ்சம், ச.! இதைச் சொல்லத்தான் இந்தப் பதில். இதைப் படித்துவிட்டு 650 மீட்டர் காடா வாங்கக் கிளம்பினீர்களானால் எனக்கு இனிமேல் எழுதவேண்டாம்.

‘அரை மீட்டர் துண்டுகளையே ஒட்டி அடித்துணி ஆக்கினால் என்ன’ என்று கேட்பீர்கள். ஆக்கலாம். பன்னிரண்டு துண்டு வேண்டும். மெஷினில் தைப்பதானால் தடையில்லை. கையால் தைத்தால், மேலே உள்ள தையலும் கீழே உள்ள தையலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் ஊசி நகராது, விரல் புண்ணாகும், அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையல் அங்கே மட்டும் கோணும். அதனால் அந்த வழியை நான் கடைசியில்தான் வைப்பேன்.

முதல் வழி உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நூல் புடவை ஐந்தரை மீட்டர், 216 அங்குலம். 98 அங்குலமாக இரண்டு வெட்டினால் 20 அங்குலம் மிச்சம். அகலம் 46. இரண்டு பக்கக் கரையிலும் இரண்டிரண்டு அங்குலம் நீக்கினாலும் 42 நிற்கும். இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டினால் 83. உங்களுக்கு வேண்டியது 68தான். அதாவது, ஒரு புடவை ஒரு போர்வையின் முழு அடித்துணி. நூறு முறை துவைத்த துணி என்பதால் இனி சுருங்காது, சாயம் போகாது, ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்கமுடியாத துணி இது.

சில இடங்களில் கவனம் வேண்டும். முதலில் ஃபால்ஸைப் பிரித்துவிடுங்கள். பாலியஸ்டர் கலந்த ஃபால்ஸாக இருந்தால், புடவை துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், ஃபால்ஸ் சுருங்கியிருக்காது. அந்த ஓரம் முழுக்க அலை அலையாக நிற்கும். பிரித்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் அடங்கும். அடுத்து, புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவத்தின் கீழ்ப்பக்கமும் உட்கார்ந்து தேய்ந்த இடமும் நூல் விலகித் தெரியும். அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுங்கள். ‘சர்’ என்ற சத்தம் வந்தால் அந்தப் பகுதி அடித்துணிக்கு ஆகாது, நடுத்துணியாக வைக்கலாம். ஜரிகைக் கரையை எடுத்துவிடுங்கள், கைத்தையலுக்கு உதவாது. ஓரப்பட்டிக்கு மட்டும் பழைய துணி கூடாது. போர்வையில் முதலில் தேய்கிற இடம் ஓரம். அதற்கு உங்கள் குவியலிலிருந்து அரை மீட்டர் புதுத்துணி, அடர்ந்த நிறத்தில் எடுங்கள். இரண்டே கால் அங்குலப் பட்டை எட்டு வரும், ஒற்றைக் கட்டில் போர்வையைச் சுற்றப் போதும்.

நடுவில் பஞ்சு வேண்டாம். கடலூர், பாண்டி வேக்காட்டுக்கு பாலியஸ்டர் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்துவார்கள்? ஐந்து வருடமாகத் தைத்தும் இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? ஒரு பழைய எட்டு முழ வேட்டி எடுங்கள். நீளம் மூன்றரை மீட்டருக்கு மேல், அகலம் ஐம்பது அங்குலம் இருக்குமானால், குறுக்கே சரிபாதியாக வெட்டி இரண்டையும் கரையோரமாகச் சேர்த்தால் எழுபதுக்கு நூறு கிடைக்கும். மடித்துத் தைக்காதீர்கள், தடிமன் வரும். ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏற்றிவைத்து ஓட்டுத் தையல் போட்டால் போதும்.

மேல்துணி மட்டும் புதுத்துணி என்பதால் ஒரு சிக்கல் உண்டு. புது கேம்ப்ரிக் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், கீழே உள்ள புடவை சுருங்காது. துவைக்காத துணியில் அந்த எட்டு மேல்துணியையும் தைத்திருந்தீர்களானால், போர்வையாக்கும் முன் ஒருமுறை தண்ணீரில் நனைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். அதற்குமுன் நாலு ஓரத்திலும் விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு தையல் ஓட்டுங்கள். கால் அங்குலத் தையலில், ஓரம் பிரிந்துபோகக் கையில் இருப்பது அந்தக் கால் அங்குலம்தான். மேல்துணியை முடிக்காமல் வருடக்கணக்கில் மடித்துவைப்பதில் உள்ள ஆபத்தும் இதுவே. எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஓரத்து நூல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கும். பாதுகாப்பது எப்படி என்று கேட்டீர்களே, போர்வையாக்குவதைத் தவிர நல்ல வழி இல்லை.

சிவப்பும் கருநீலமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் துணித் துண்டோடு சேர்த்து அரை மணி நேரம் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டியதுதான். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது கடைத்துணிக்குப் பொருந்தாது. ஒட்டாமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயம்தான் வெளியே வருகிறது, அது வந்து தீரவேண்டும்.

அடித்துணியைத் தரையில் விரித்து ஓரங்களைத் தரையோடு டேப்பால் ஒட்டுங்கள். இறுக்கி இழுக்கக்கூடாது, சுருக்கம் மட்டும் போகவேண்டும். மேலே வேட்டி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி நாலு அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். ஒற்றை நூல், பதினெட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல்.

அடித்துணியை இவ்வளவு வலியுறுத்துவது என் சொந்தப் பிடிவாதம் மட்டுமல்ல. கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வையைப் பாருங்கள். ஆப்பிரிக்க வழிவந்த மக்கள். அவர்கள் முதலில் விரிப்பது ஒரு பழைய புடவையை. அதன்மேல் துண்டுகளை ஓரத்திலிருந்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். ஒட்டுவதும் ஓட்டுவதும் ஒரே தையல். மூலைகளில் பூ என்று சிறு முக்கோணத் துண்டுகள் வைத்தால்தான் அது முழுமை. மேல்துணி என்று தனியாக ஒன்று அங்கே பிறப்பதே இல்லை, அதனால் எட்டு மேல்துணி மடித்துவைக்கிற நிலையும் வராது. வங்காளத்துக் காந்தாப் போர்வையும் பழம்புடவை மடிப்புகளில் தொடங்குவதுதான். அமெரிக்காவில் 1930களின் வறுமையில் மாவு மூட்டை, தீவன மூட்டைத் துணியைப் பிரித்து வெளுத்து அடித்துணி ஆக்கினார்கள். தைத்து முடித்தவர்கள் எல்லோருக்கும் அடித்துணி முதலில் கையில் இருந்தது.

வெட்ட மனம் வராமல் வைத்திருக்கும் ‘நல்ல’ துண்டுகளும் உங்களிடம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இதே கடலோரத்திலிருந்து கப்பலேறிய சீட்டித்துணியை (பூ அச்சிட்ட பருத்தி) விற்கவும் உடுத்தவும் கூடாது என்று இங்கிலாந்து 1721இல் சட்டம் போட்டது, அந்தச் சட்டம் 1774இல்தான் நீங்கியது. அரிதான துணி என்பதால் அந்த நூற்றாண்டுப் பெண்கள் சீட்டியிலிருந்து ஒவ்வொரு பூவாக, பறவையாகக் கத்தரித்து வெறும் வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்தார்கள். கிடைக்காத துணியையே அவர்கள் வெட்டினார்கள். அந்தத் துணி வியாபாரம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவனாம்பட்டினம் கோட்டை உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறவாரியாக அடுக்காதீர்கள், நீளவாரியாக அடுக்குங்கள். ஒரு மீட்டருக்கு மேல், அரை மீட்டர், அதற்குக் கீழ் என்று மூன்று கட்டு. வெளுப்பும் அடர்த்தியும் தெரிய போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் போதும். கட் பீஸில் நாலு நூல் உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பெரும்பாலும் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர், அதைத் தனியே கட்டித் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதற்குச் சமம். துவைத்த காடாத்துணிப் பை போதும். கஞ்சி போட்ட துணியை அடுக்காதீர்கள், ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. பாச்சை உருண்டை துணியைத் தொடக்கூடாது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள், வெள்ளம் வந்த தெரு உங்களுடையது. கரும்புள்ளி விழுந்தவற்றை வெளியே எடுத்துப் போய்த் தட்டி, சலவை சோடா போட்ட சுடுதண்ணீரில் துவைத்து, மாசி வெயிலில் காயவையுங்கள். புள்ளி போகாது. இழுத்துப் பார்த்துத் தாங்குவதை நடுத்துணியாக்குங்கள், தாங்காததைத் தலையணைக்குள் திணியுங்கள்.

புடவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் புடவையை வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் டிரங்குப் பெட்டியில் ஒரே மடிப்பில் கிடக்கும் நூல் புடவை அந்த மடிப்பில் பழுப்பேறும், பிறகு அந்த வரியிலேயே முறியும். வைத்திருக்க நினைப்பவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு மடிப்பில் மடித்துவையுங்கள். பெட்டியின் தகரம் துணியில் படாமல் அடியில் வெள்ளைத் துணி விரியுங்கள், துரு ஏறினால் போகாது. பதினொன்றில் இரண்டையோ மூன்றையோ, அவர் கட்டித் தேய்த்தவற்றை, அடித்துணிக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். போர்த்தும்போது உடம்பில் படுகிற பக்கம் அதுதான்.

எட்டில் முதலில் தைத்தது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். அதன் ஓரம்தான் அதிகம் உதிர்ந்திருக்கும். முடித்ததும் எழுதுங்கள், எந்தப் புடவை என்பதையும் சொல்லுங்கள்.