‘கரப்பான்பூச்சி’ என்று எழுதும் பெரியப்பாவிடம் எப்படிப் பேசுவது?

காரைக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: “எங்கள் பூர்வீக வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதிக்க வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘கரப்பான்பூச்சிக் கூட்டம்’ என்று எழுதுகிறார். வெறும் பேச்சுதானே என்கிறார்கள் மற்றவர்கள். மரியாதை குறையாமல் எப்படி எடுத்துச் சொல்வது?”

வெறும் பேச்சு என்று விட்டுவிட முடியாது. ருவாண்டாவில் 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, அந்நாட்டுச் சிறுபான்மை இனமான துட்சி மக்களை ‘இன்யென்சி’ என்று திரும்பத் திரும்ப அழைத்தது. உங்கள் பெரியப்பா எழுதிய அதே கரப்பான்பூச்சிதான் அச்சொல்லின் பொருள். 1994 ஏப்ரலில் மூண்ட படுகொலையில் சுமார் நூறு நாட்களுக்குள் பல இலட்சம் பேர் மாண்டனர். வெட்டியவர்கள் அதை ‘வேலை’ என்றே குறிப்பிட்டார்கள். பூச்சி என்று பெயர் வைத்துவிட்டால், கொல்வது வீட்டைத் துப்புரவு செய்வதுபோல் ஆகிவிடுகிறது, கை கூசுவதில்லை. 2003 டிசம்பரில் பன்னாட்டுத் தீர்ப்பாயம் அந்த வானொலியின் நிறுவனர்கள் இருவரையும் பத்திரிகை ஆசிரியர் ஒருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

ஆனால், பெரியப்பாவிடம் ருவாண்டாவிலிருந்து தொடங்காதீர்கள். அவர் சாய்ந்து உட்காரும் முகப்புத் தூணிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தேக்கு வந்த பர்மாவில் நம்மவர்களை ‘கலா’ என்று இழித்தார்கள். வட்டிக்கடை முதலாளியையும் மூட்டை தூக்கியவரையும் அச்சொல் பிரித்துப் பார்க்கவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத் தகராறு கலவரமானபோது அடிபட்டு மாண்டவர்களில் பெரும்பாலோர் தெலுங்குக் கூலித் தொழிலாளர்கள். அதன்பின் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாகக் கீழ்பர்மா நெல்வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்களின் கைக்கு வந்தது. நிலம் இழந்த குடியானவரின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை நாம் மறைக்கக் கூடாது. ஆயினும், 1962-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அங்கிருந்து கப்பலேறிய இலட்சக்கணக்கானவர்களில் ஒரு குழி நிலமும் இல்லாத ஏழைகளே ஏராளம்.

இதைக் குழுவில் எழுதாமல், தனியே அவர் எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். “நம் அய்யாவை ரங்கூனில் எப்படி அழைத்தார்கள், பெரியப்பா?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். தொழிலாளர்கள்மீது அவருக்கு உண்மையான குறை இருந்தால், “யார், என்ன செய்தார்?” என்று விசாரியுங்கள். முற்றம் அசுத்தமாகிறது என்றால், கழிப்பறை வசதி செய்து தராத ஒப்பந்தக்காரரிடம் பேச வேண்டியவர்கள் வீட்டுக்காரர்களாகிய நீங்கள்தாம். கல் பதிப்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெரியப்பா முகப்பில் இருக்கும்போது அந்தத் தொழிலாளரை அழைத்துப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, இருவருக்கும் காப்பி கொடுங்கள்.