டிசம்பர் 8இல் கருவானவர் யார்?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் வசிக்கிறோம். நான் கத்தோலிக்கர், கணவர் வீட்டார் மெதடிஸ்ட் என்னும் புராட்டஸ்டண்ட் சபையினர். ஓஃபிர் சாலை லூர்து மாதா கோவிலில் அமல உற்பவத் திருநாள் பூசை முடிந்து வரும்போது எட்டு வயது மகன் கேட்டான்: "இன்னைக்குத்தான் மாதா வயித்துல இயேசு வந்தார்னா, 25ஆம் தேதி எப்படிப் பிறப்பார்? பதினேழு நாள்தானே இருக்கு?" வீட்டில் மாமியார் வேறு, "மரியாளுக்குப் பாவமே இல்லைன்னா அவருக்கு இயேசு எதுக்கு?" என்கிறார். இரண்டு பேருக்கும் என்ன சொல்வது?

பதில்: பையன் போட்ட கணக்கு சரி. ஆள்தான் மாறிவிட்டது. டிசம்பர் 8 அன்று நாம் கொண்டாடுவது, மரியா தன் தாய் அன்னாவின் வயிற்றில் கருவானதை. இயேசு கருவானதை அல்ல.

காலண்டரை அவன் கையிலேயே கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். டிசம்பர் 8இலிருந்து ஒன்பது மாதம் தள்ளினால் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணித் திருவிழாவும் அன்றுதான் என்பதால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தேதி மறக்காது. இயேசுவுக்கான கணக்கு தனி: மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள், அதாவது இயேசு பிறப்பார் என்று தூதர் மரியாவிடம் சொன்ன நாள். அதிலிருந்து ஒன்பது மாதத்தில் டிசம்பர் 25.

எட்டு வயதுப் பிள்ளை குழம்புவதில் வியப்பில்லை. பெரியவர்களுக்கு மறைக்கல்வி எடுக்கும் வகுப்பிலும் "அமல உற்பவம் என்றால் என்ன?" என்று கேட்டால், "ஆண் துணையில்லாமல் மாதா கருத்தரித்தது" என்ற பதில்தான் முதலில் வரும். அது வேறு கோட்பாடு. கன்னியாக இயேசுவைப் பெற்றார் என்பதை உங்கள் மாமியாரும் விசுவசிக்கிறார்.

குழப்பத்துக்கு நம் வழிபாடே பாதிக் காரணம் என்பேன். நாம் நம்புவதை அறிக்கையிடும் செபமான பழைய தமிழ் விசுவாசப் பிரமாணத்தில் இயேசு "உற்பவித்து"ப் பிறந்தார் என்று வரும். மெதடிஸ்ட் கோவிலில் சொல்லும் பிரமாணத்திலும் அதே சொல்தான். ஆகவே உற்பவம் என்று காதில் விழுந்ததுமே மனம் பெத்லகேமுக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, டிசம்பர் 8 பூசையில் வாசிக்கும் நற்செய்தி லூக்கா 1:26-38. கபிரியேல் தூதர் வந்து, "இதோ, கருவுற்று ஒரு மகனைப் பெறுவீர்" என்று சொல்லும் பகுதி! அதைக் கேட்ட பையன் வேறு எப்படி நினைப்பான்? அன்று அந்தப் பகுதியை வாசிப்பது "அருள்மிகப் பெற்றவரே" என்று தூதர் அவரை அழைக்கும் அந்த ஒரு சொல்லுக்காக. பிரசங்கத்தில் இதை ஒரு நிமிடம் விளக்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

மலம் என்றால் மாசு. அமலம், மாசு இல்லாதது. உற்பவம், உண்டாவது. மரியா உண்டான அந்த முதல் கணத்திலிருந்தே ஆதாமிடமிருந்து எல்லாருக்கும் வரும் சென்மப் பாவம் அவரைத் தொடவில்லை. கோட்பாடு சொல்வது இவ்வளவுதான். தந்தை சுவக்கின், தாய் அன்னா இருவருக்கும் அவர் எல்லாரையும் போலத்தான் பிறந்தார். (அந்தப் பெயர்கள் பைபிளில் இல்லை, பழைய மரபில் வருபவை. மாமியார் கேட்டால் மறைக்க வேண்டாம்.) இல்லற உறவில் ஏதோ அழுக்கு இருப்பதாகவும், அதைத் தவிர்க்கவே இந்தக் கோட்பாடு வந்ததாகவும் சிலர் நினைப்பது தவறு.

சென்மப் பாவம் என்பதும் குழந்தை வயிற்றுக்குள் செய்த குற்றம் இல்லை. தாத்தா சொத்தைத் தொலைத்துவிட்டால் பேரன் வெறுங்கையோடு பிறக்கிறான். பேரன் திருடனல்ல, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. ஆதாம் தொலைத்த அருள் அப்படித்தான் நமக்கு இல்லாமல் போனது.

இனி மாமியாரின் கேள்வி. அது லேசுப்பட்ட கேள்வி இல்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸுக்கும் இதே தயக்கம் இருந்தது: மரியாவைப் பாவம் தீண்டவே இல்லையென்றால் கிறிஸ்துவின் மீட்பு அவருக்குத் தேவைப்பட்டிருக்காதே, அது எப்படிச் சரியாகும்? திருச்சபையின் மிகப் பெரிய இறையியலாளர் நின்ற இடத்தில் அவர் நிற்கிறார் என்று முதலில் சொல்லுங்கள், பாதி சமாதானம் ஆகிவிடுவார்.

அதற்கு வழி காட்டியவர் 1308இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ். நம்மூர் பாணியில் சொன்னால்: மழை கொட்டுகிறது, லோங்காங் (மழைநீர் வடிகால்) நிரம்பி ஓடுகிறது. அதில் விழுந்தவனைத் தூக்கிவிட்டாலும் காப்பாற்றியதுதான், விழப்போகிறவனின் கையைப் பிடித்து நிறுத்தினாலும் காப்பாற்றியதுதான். இரண்டாவது ஆள் நனையவில்லை என்பதால் யாரும் தன்னைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது. ஒருவகையில் அவன்தான் கூடுதலாக நன்றி சொல்ல வேண்டும்.

திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1854 டிசம்பர் 8 அன்று இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது, இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை, அதாவது அவர் நமக்காக ஈட்டித் தந்த அருளை முன்னிட்டே மரியா காக்கப்பட்டார் என்று தெளிவாகச் சொன்னார். மரியாவே லூக்கா 1:47இல் கடவுளைத் தன் மீட்பர் என்கிறார். மாமியார் அந்த வசனத்தை எடுத்து நீட்டினால், "ஆமாம் அத்தை, நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்" என்று சொல்லலாம்.

அதற்காக அவர் ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். பைபிளில் இது நேராக எழுதப்படவில்லை என்பார், அது உண்மை. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் மரியாவை அவ்வளவு போற்றியும் இதைக் கோட்பாடாக ஏற்பதில்லை. நாம் மரியாவைக் கிறிஸ்து தேவைப்படாதவர் ஆக்கிவிட்டோம் என்ற தப்பெண்ணம் நீங்கினாலே போதும், மீதியைச் சாப்பாட்டு மேசையில் இழுக்க வேண்டாம்.

மகனை அடுத்த முறை ஓஃபிர் சாலைக்கு அழைத்துப் போகும்போது ஒரு கதை சொல்லுங்கள். 1888இல் திறந்த அந்தக் கோவிலுக்குப் பெயர் தந்த பிரான்ஸ் நாட்டு லூர்து நகரில், 1858 மார்ச் 25 அன்று, 14 வயது பெர்னதெத்திடம் மாதா "நானே அமல உற்பவம்" என்றார். அந்தப் பிள்ளைக்கு அர்த்தம் புரியவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பங்குச் சாமியார் வீட்டுக்கு நடந்தது.