தென்னாப்பிரிக்காவின் டர்பன் பல்கலைக்கழக வகுப்பறையில் மறைமுக விளக்கு (ஒளியைக் கூரையில் அடித்துத் திருப்பும் விளக்கு) போட்டால் கரண்ட் மிச்சமாகுமா? (அறை 10×8 மீட்டர்)

விளக்கை மாற்றினால் மட்டும் ஆகாது. மேசை மட்டத்தில் 300 லக்ஸ் (சதுர மீட்டருக்கு 300 லூமென் ஒளி) வேண்டுமென்றால் 80 சதுர மீட்டருக்கு 24,000 லூமென் வந்து சேர வேண்டும். கூரையில் பட்டுத் திரும்புகையில் ஏறக்குறைய 0.55 பங்குதான் மிஞ்சும். தூசி, தேய்மானத்தால் அதிலும் 0.8 பங்குதான் நிற்கும். ஆக விளக்குகள் 54,500 லூமென் தர வேண்டும். வாட்டுக்கு 130 லூமென் தரும் எல்.இ.டி.யில் அது சுமார் 420 வாட். நேரடி விளக்கில் 0.55-க்குப் பதில் 0.75 பங்கு வந்து சேரும்; அது சுமார் 310 வாட்டிலேயே முடித்துவிடும்!

எனவே முழு மறைமுகம் வேண்டாம். ஒளியில் 70 சதவீதம் மேலே, 30 சதவீதம் கீழே விழும் தொங்கு விளக்கே என் தேர்வு. கூரையிலிருந்து 45–60 செ.மீ. இறக்குங்கள், ஒட்டி மாட்டினால் கூரையில் பளீரென்ற பட்டைகள் விழும். உண்மையான மிச்சம் பகல் வெளிச்சத்தில் இருக்கிறது. விளக்கு வரிசைகள் ஜன்னலுக்கு இணையாக, வரிசைக்கொரு டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி). இங்கே வெயில் பெரும்பாலும் வடக்கு ஜன்னலில்; வட அரைக்கோளத்துக் கட்டட வரைபடத்தை அப்படியே காப்பியடித்தவர்கள் வெயில் தடுக்கும் திரையைத் தெற்கே மாட்டிவிடுகிறார்கள். டிம்மரை இயக்கும் ஒளி சென்சார் விளக்கின் மேல்வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் வெளியே வெயில் என்று ஏமாந்து அறையையே மங்கலாக்கும்.

கூரைக்குப் பளபளக்காத (மேட்) வெள்ளை. டர்பனின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் அவசியம். மேல்நோக்கிய விளக்கில் தூசி படியும். ஆறு மாதத்துக்கொரு முறை துடையுங்கள்.